முழங்கால் ஆழம்

பதினொன்று இருபதுக்கு ஒரு மணி அடித்தது. பதினொன்று ஐம்பதுக்கு இன்னொன்று அடிக்கும். அதற்கு நடுவில் இருப்பதுதான் ஆட்சேபணை நேரம் என்று வட்டாரக் கல்வி அலுவலர் ஒலிபெருக்கியில் சொன்னார். தேர்வான குழந்தையின் விலாசத்தில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். தேர்வானவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடம், இவர்கள் இங்கேதான் குடியிருக்கிறார்கள் என்று கையெழுத்து வாங்கி மேசையில் தரவேண்டும். போன வருஷம் புகார் மேல் புகார் வந்ததால் இந்த ஏற்பாடு. "ரெண்டாவது மணிக்கு அப்புறம் என்கிட்ட வந்து யாரும் அழக்கூடாது" என்று முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார், டீயை எடுத்துக்கொண்டார். உன்னிடம் யார் அழப்போகிறார்கள், என்று சுகுணா நினைத்தாள். மடியில் மிதுனா தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்றரை வயதுப் பிள்ளை விழித்திருக்கும்போது ஒரு கனம், தூங்கும்போது வேறு கனம். தலை வலது முழங்கையில் கிடந்தது, கை தோள் வரை மரத்துவிட்டது, கழுத்துக்கு அடியில் வேர்த்து இருவருடைய தோலும் ஒட்டிக்கொண்டிருந்தது. மேடைக்கு நேர் மேலே பெரிய மின்விசிறி ஒன்று அலுவலருக்காக மட்டும் சுற்றியது. இந்தப் பள்ளிக்கூடத்தின் மதில் சுவரை அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறாள். உள்ளே இருந்து பார்ப்பது இன்றுதான் முதல் தடவை. உள்பக்கம் சுவரில் மயில் வரைந்திருக்கிறார்கள். வெளிப்பக்கம் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறார்கள். ஒரே சுவர்தான். ஏழைப் பிள்ளைகளுக்கு நாலில் ஒரு பங்கு இடம் இலவசமாகத் தரவேண்டும் என்று சட்டம் சொல்லிவிட்டது, ஆனால் ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருக்கவேண்டும். கொடிக்கம்பத்தில் காம்பஸ் முள்ளைக் குத்திச் சுற்றியதுபோல் கம்ப்யூட்டரில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் விழுந்தால் நீ ஏழை, வெளியே விழுந்தால் நீ யாரோ. ஐம்பத்து மூன்று பேர் உள்ளே விழுந்தார்கள். பன்னிரண்டு இடம். பள்ளிக்கூட ஆயா ஒரு சில்வர் குண்டானுக்குள் கையை விட்டு, குழம்பில் மீன்துண்டு தேடுவதுபோலத் துழாவித் துழாவிச் சீட்டு எடுத்தாள். பன்னிரண்டு பெயர் வெள்ளைப் பலகையில் ஏறியதும் டீச்சர் அளவுகோல் வைத்து ஒரு கோடு கிழித்தாள், கோட்டுக்குக் கீழே காத்திருப்போர் என்று எழுதினாள். கோட்டுக்குக் கீழே முதல் பெயர் மிதுனா. கோட்டுக்கு மேலே கடைசிப் பெயர் ஜோஷிகா, தாய் பிரமிளா, கால்வாய்க் கரைத் தெரு, கதவு எண் ஏழு. கதவு எண் ஏழு! அந்தக் கதவே இல்லையே. கதவு என்ன, நிலையில்லை, சுவரில்லை, அந்த இடத்தில் கம்பிவேலி போட்டு அரளிச்செடி வைத்திருக்கிறார்கள். சுகுணாவின் கதவு எண் எட்டு. அவளுக்குத் தெரியாதா. ஆட்சேபணைப் படிவத்தை அவள் முதலிலேயே கேட்டு வாங்கி வைத்துவிட்டாள், மணியின் ரீங்காரம் அடங்குவதற்குள். பிளாஸ்டிக் கோப்புக்குள், ரேஷன் கார்டு நகலுக்கும் வருமானச் சான்றுக்கும் நடுவில், அது கிடந்தது. நாலே வரி எழுதவேண்டும். இடது கையால் எழுதத் தெரிந்திருந்தால் இதற்குள் எழுதியிருப்பாள்.

மரத்த கையை மெல்ல உருவி விரலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தபோதுதான் பிரமிளா வந்தாள். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள், அந்தச் சிரிப்பைத்தான் சுகுணாவால் தாங்கமுடியவில்லை, மூன்று வருஷம் கழித்துப் பார்ப்பவள் முகத்தில் ஒரு கோபம் இருக்கவேண்டாமா. இடுப்பில் அந்தப் பெண், மூக்கொழுகிக்கொண்டு, புதுக் கவுனில் விலைச்சீட்டு நூல்கூடப் பிய்க்காமல். "இன்னாக்கா, அப்டியே கீற. பாப்பா நல்லா வளந்துட்டா. ரெண்டும் ஒரே மாசத்துப் புள்ளைங்க, இது பாரு, எலிக்குஞ்சாட்டம்" என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள்மேல் பினாயில் வாசனை அடித்தது. "எட்டு மாடி வூடு குடுத்தாங்களே, லிஃப்ட்டெல்லாம் வச்சு. அங்க ஸ்கூல் இல்லியா உனக்கு?" என்று சுகுணா கேட்டாள். குத்தத்தான் கேட்டாள். பிரமிளாவுக்குக் குத்தவில்லை. "லிஃப்ட்டா? வாரத்துல ஒரு நாள் ஓடும்க்கா, அன்னிக்குக் கரண்ட்டு இருக்காது. ஆறாவது மாடி. தண்ணிக் கொடத்தத் தூக்கினு ஏறுனா நாலாவதுலயே பாதி தண்ணி நம்ம மேலதான் இருக்கும்." அவளே சிரித்தாள். பிறகு சொல்லிக்கொண்டே போனாள், நிறுத்தவில்லை: விடியற்காலை நாலரைக்கு எழுந்து இரண்டு பஸ் மாறி இங்கே வருகிறாள், பள்ளிக்கூடத்துக்குப் பின்தெரு அடுக்குமாடியில்தான் வேலை, பெண்ணை வாட்ச்மேன் அறையில் விட்டுவிட்டு மாடிப்படி துடைக்கிறாள், வாட்ச்மேன் நல்லவன்தான், ஆனாலும் எத்தனை நாளைக்கு, இருட்டிய பிறகுதான் திரும்புகிறாள். "நான் இங்கதானேக்கா கீறேன் நாள் பூரா? படுக்கத்தான் அங்க போறேன். ரேஷன் கார்டுல பழைய அட்ரஸ்ஸே இருக்கட்டும்னு எங்க வூட்டுக்காரரு மாத்தவே வுடல. வூட்டத்தான் இடிச்சானுங்க, கார்டையுமா இடிச்சானுங்கன்னாரு." அது நியாயம்தானே என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சுகுணா தலையை ஆட்டவில்லை. பகல் முழுக்க இருக்கும் இடம்தான் இடம் என்றால் கலெக்டர் ஆபீசில் பெருக்குகிறவள் அந்த ஆபீசையா விலாசமாகக் கொடுப்பாள். அப்போதுதான் பிரமிளா தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மடிப்பை நீவி, சுகுணாவின் கோப்பின் மேல் வைத்தாள். பக்கத்து வீட்டார் சான்று. "உன் பேர்தான்க்கா எழுதிக்கீறேன். எனக்கு வேற யாரு பக்கத்து வூடு? ஒரு கையெழுத்துப் போட்டு அந்த டேபிள்ல குடுத்துடு. இது ஒண்ணுக்குன்னு அப்போலேந்து நெளியுது, நான் கூட்டிக்கினு போயிட்டு வந்துடறேன்." பேனாவையும் கொடுத்தாள், நீல மூடி போட்ட பேனா, மூடியைக் குழந்தை கடித்துச் சப்பியிருந்தது. எழுந்து கழிவறை எங்கே என்று ஆயாவிடம் கேட்டாள், ஆயா வாயால் திசை காட்டினாள், இருவரும் வராந்தாவில் மறைந்தார்கள். கேட்கக்கூட இல்லை. போடுவாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம்.

கோப்புக்குள் ஒரு தாள், கோப்புக்கு மேல் ஒரு தாள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் உறை. கடிகாரம் பதினொன்று முப்பத்து நாலு. பொய்க் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று கீழே பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது, சட்டப்படி நடவடிக்கை, அதைப் படித்ததும் சுகுணாவுக்கு ஒரு நிம்மதி வந்தது, ஆமாம், பொய்தானே, பொய்க்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது. பலகையின் ஐந்தாவது பெயர்க்காரன், அந்தப் பிள்ளையின் அப்பா, மூன்று நாற்காலி தள்ளி மோட்டார் சைக்கிள் சாவியை விரலில் சுழற்றியபடி போனில் பேசிக்கொண்டிருந்தான். "முடிஞ்சுது மச்சான். ஓனர் நம்ம ஆளு, பக்கத்து வீட்டுக் கையெழுத்தும் அவரே பாத்துக்கிட்டாரு. வீட்டுக்குள்ள கால் வச்சுப் பாத்தியாங்கிற, நான் எதுக்கு வைக்கணும்." அவன் பெயரை அடித்தாலும் மிதுனாவுக்கு இடம் கிடைக்கும். அதே ஒரு இடம்தான். ஆனால் அவனிடம் வாடகை ஒப்பந்தம் இருக்கிறது, ஒப்பந்தத்தில் எழுதிய வீடு தெருவில் இருக்கிறது, பூட்டியிருந்தாலும் நிற்கிறது. அலுவலர் போய்ப் பார்த்தால் கதவு தெரியும். பிரமிளாவுக்கு வாழ்ந்த வீடு இருந்தது, நிற்கிற வீடு இல்லை. நிற்கிற வீட்டை எதிர்த்து எழுத யாருக்குத் தெம்பு. பதினைந்து மீட்டர் என்றார்கள் அன்றைக்கு. ஏன் அன்றைக்குப் போகிறது புத்தி. கால்வாய்த் தண்ணீர் ஓரத்திலிருந்து பதினைந்து மீட்டர், அதற்குள் இருக்கும் வீடெல்லாம் ஆக்கிரமிப்பு. அளக்க வந்த இருவரில் பெரியவர் நாடாவின் உருளையைச் சந்துக்குள் பிடித்துக்கொண்டார், நுனியைக் கரையில் பிடிக்கவேண்டிய உதவியாளன் புது ஷூ போட்டிருந்தான், சேற்றைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான், "ஏம்மா, நீ புடி, துவைக்கிற கல்லாண்ட வச்சுக்கினு நில்லு" என்று அவள் கையில் கொடுத்துவிட்டு நிழலுக்குப் போனான். அவள் பிடித்தாள். உலகத்தில் எந்த ஊரிலாவது இடிக்கப்போகிற வீட்டுக்காரியிடமே அளவுநாடாவைக் கொடுப்பார்களா. கொடுத்தார்கள். சந்திலிருந்து அவள் புருஷன் தேவராஜ் கத்தினான், "சுகுணா, நம்ம அடுப்பாண்ட வருது!" அடுப்பு அவர்கள் வீட்டின் நட்டநடுவில். அப்போது நாடா யாருடைய சைக்கிளிலோ சிக்கிக்கொண்டது. பெரியவர் தளர்த்தச் சொன்னார், சிக்கை எடுத்தார், திரும்ப இழும்மா என்றார். சந்து வளைந்து போகும், அவருக்குக் கரை தெரியாது. துவைக்கிற கல்லில் வைக்கவேண்டிய நுனியை எடுத்துக்கொண்டு சுகுணா தண்ணீருக்குள் இறங்கினாள். நுனி உள்ளே போகப் போக அந்தப் பதினைந்தாவது மீட்டரும் கரைப் பக்கம் நகரும். ஒரு அடி. ஆகாயத்தாமரை விலகி மறுபடி மூடிக்கொண்டது. சேறு கணுக்கால் வரை வந்தது, சூடாக, உயிருள்ள ஒன்றின் வாய்க்குள் கால் வைத்ததுபோல. இன்னொரு அடி. இன்னொன்று. முழங்கால். "இப்ப செவுத்தாண்ட!" என்று தேவராஜ் குரல், அதில் இருந்த சந்தோஷம். அந்தச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொதுச்சுவர். இந்தப் பக்கம் எட்டு, கரைப் பக்கம் ஏழு. அவள் நின்றாள். நின்றுவிட்டாள்.

பிரமிளாவின் வீடு குறுக்கே ஒன்பது அடி. சேற்றில் எட்டு வைத்தால் நாலு எட்டு. அந்த நாலு எட்டை எத்தனை இரவு பகல் நடந்து பார்த்திருக்கிறாள், மிதுனாவுக்குச் சோறு பிசையும்போது, ரேஷன் வரிசையில், கோயில் பிராகாரத்தில். முதல் எட்டில் தண்ணீர் தொடைக்கு வரும். இரண்டாவதில் இடுப்பு. மூன்றாவதில் புடவை மிதக்கும், ஷூக்காரன் திரும்பிப் பார்த்திருப்பான், பார்த்திருப்பானா, அவன் போனில்தான் இருந்தான். நாலாவதில் கழுத்து. நீச்சல் தெரியாதே. கழுத்து வரை போகிறவள் எதற்காகப் போகவேண்டும், அவரவர் சுவரை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும். இல்லை, நடுவில் மேடு இருக்கும், பொடிசுகள் அங்கே நின்று மீன் பிடிப்பார்கள், நாலாவது எட்டிலும் இடுப்புக்கு மேல் ஏறியிருக்காது. ஏறியிருக்கும். மழைக்காலம் அது. இப்படியே ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஒரு அளவு. ஒன்று மட்டும் மாறாது: பின்கதவில் பிரமிளா, ஐந்து மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இவளைப் பார்த்துக்கொண்டு. "இன்னாக்கா தண்ணிக்குள்ள நிக்கிற? சேறு இழுத்துடும், பாத்து." அவ்வளவுதான் சொன்னாள். புரிந்து சொன்னாளா. புரிந்திருந்தால் அன்றைக்கே தலைமுடியைப் பிடித்திருப்பாள். புரியாமலா மூன்று வருஷம் வராமல் இருந்தாள். வேலைக்குத்தான் தினமும் வருகிறாளே, கூப்பிடு தூரம், எட்டாம் எண் வீட்டுக்கு ஒரு நாள் எட்டிப் பார்த்தாளா. மூன்றாம் நாள் இயந்திரம் வந்து பொதுச்சுவரின் அந்தப் பக்கம் வரை தின்றுவிட்டுப் போனது. சுவர் நின்றது. பிரமிளாவின் சமையலறை நீலம் இப்போது சுகுணா வீட்டின் வெளிச்சுவர். வெயிலில் வெளுத்து, மழையில் பாசி பிடித்து, ஆனாலும் நீலம். அடுப்புப் புகை ஏறிய கறுப்பு. காலண்டர் ஆணி. அதற்குக் கீழே, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், வரிசையாக மை. குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டு விரலில் மிஞ்சும் மையைச் சுவரில் இழுப்பார்களே, அந்த இழுப்புகள், ஐந்து மாதத்து இழுப்புகள், ஒவ்வொரு காலைக்கும் ஒன்று, நெருக்கமாக, கட்டைவிரல் அகலத்தில். சுகுணா அவற்றை எண்ணியதில்லை. எண்ணக்கூடாது என்றே அந்தப் பக்கம் போகமாட்டாள். சுண்ணாம்பு வாங்கிவந்து அடித்துவிடலாம் என்று தேவராஜ் ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வான். அடிக்கலாம் என்பாள். அடித்ததில்லை. எதற்கு அடிக்கவில்லை என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. இன்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அடித்துவிடலாமோ. அப்படி வந்தது ஒரு எண்ணம், வந்த உடனே அதன்மேல் அவளுக்கு ஆத்திரம் வந்தது. யாருக்குக் கடன்பட்டிருக்கிறாள் அவள். தன் வீட்டைக் காப்பாற்றினாள். யார் வீட்டையும் இடிக்கவில்லை. கல்லில் பிடித்திருந்தால் ஏழும் போயிருக்கும் எட்டும் போயிருக்கும், இரண்டு பேரும் எட்டு மாடியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருப்பார்கள், அது யாருக்கு நல்லது. மிதுனா இங்கே படிக்காவிட்டால் மெயின்ரோட்டைத் தாண்டிப் போகவேண்டும், போன வாரம் தண்ணி லாரி ஒன்று ஒரு பெண்ணை அங்கேதான் அடித்துப் போட்டது, சாக்பீஸ் கோடு இன்னும் அழியவில்லை. ஜோஷிகாவுக்கு வாட்ச்மேன் அறை. மிதுனாவுக்கு லாரி. ஏன் இரண்டு பேரில் ஒருவர் என்று வைத்தார்கள். பன்னிரண்டு பேருக்குத்தான் பெஞ்சு இருக்கிறதா இவ்வளவு பெரிய கட்டடத்தில். மயில் வரைய இடம் இருக்கிறது.

பதினொன்று நாற்பத்து மூன்று. பேனாவின் மூடியைத் திறந்தாள். ஆட்சேபணை எழுதமாட்டேன், என்று தீர்மானம் வந்தது, யாரோ பக்கத்திலிருந்து சொன்னதுபோல. அந்தப் பாவம் வேண்டாம். அவள் வந்து கேட்டால் நான் ஒன்றும் எழுதவில்லையே பிரமிளா என்று நேராகச் சொல்லலாம். அது ஒரு இளைப்பாறல் மாதிரி இருந்தது, நாற்காலியில் முதுகைச் சாய்த்தாள். ஆட்சேபணைத் தாள் கோப்புக்கு உள்ளேயே இருக்கட்டும். மேலே இருக்கும் தாளை என்ன செய்வது. மேசை பத்தடி தூரம். கையெழுத்துப் போட்டுப் பத்தடி நடக்கவேண்டும். மிதுனாவை எங்கே கிடத்துவது, எழுப்பினால் கத்துவாள். கை மரத்திருக்கிறது. விரல் இடுக்கில் பேனா நின்றது, முனை தாளைத் தொடவில்லை, ஒரு அரிசி அளவு இடைவெளி. கையெழுத்து என்று அச்சடித்த இடத்தில் புள்ளிப் புள்ளியாய் ஒரு கோடு. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்துபோய்த் தாளைக் கொடுத்தாள், இன்னொருத்தி ஓடினாள், பதினொன்றாம் பெயர், செருப்பு வார் அறுந்து ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு. எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். ஐந்தாவது பெயர்க்காரனின் தாள் எப்போதோ மேசைமேல். நாற்பத்தாறு. வராந்தாவில் கால் சத்தம் வந்தால் போட்டுவிடலாம். அவள் இப்போது வந்து நின்றால் போடாமல் இருக்கமுடியாது, அதுதான் வழி, வரட்டும். வரவில்லை. குழந்தைக் கழிவறையில் வரிசை நின்றிருக்கும். இரண்டு நிமிஷத்தில் வந்துவிடுவாள். வரக்கூடாது. அட, நான் என்ன வரக்கூடாது என்றா நினைக்கிறேன். நாற்பத்தெட்டு. அலுவலர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். கணுக்காலில் சூடாக எதுவோ ஏறியது, சிமெண்டுத் தரைதான், செருப்புதான், ஆனாலும் ஏறியது, ஆடுசதை, முட்டி, அங்கேயே நின்றது. இன்னொரு எட்டு. அவ்வளவுதான் வேண்டும், ஒரே ஒரு எட்டு. சுகுணா நின்றுகொண்டிருந்தாள், நாற்காலியில் உட்கார்ந்தபடி.

மணி அடித்தது. மிதுனா தூக்கத்தில் ஒருமுறை உடல் தூக்கிப்போட்டு மறுபடி அடங்கினாள். "பன்னிரண்டாவது, ஜோஷிகா. பக்கத்து வீட்டுச் சான்று வரலியே. யாரும்மா?" என்று அலுவலர் பலகையைப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்தார். பிரமிளா வாசலில் நின்றாள், கவுனின் முன்பக்கம் நனைந்த பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு. "சார், குடுத்தாச்சு சார், அக்கா கைல..." என்று சொல்லிக்கொண்டே வேகமாக வந்தவள் சுகுணாவின் மடிக்கு அருகே வந்ததும் நின்றாள். தாள் கோப்பின் மேல் இருந்தது. புள்ளிக்கோடு காலியாக இருந்தது. மூடி திறந்த பேனா விரலில் இருந்தது. பிரமிளா தாளைப் பார்த்தாள், தூங்கும் குழந்தையைப் பார்த்தாள், பலகையில் கோட்டுக்குக் கீழே இருந்த முதல் பெயரைப் பார்த்தாள். இப்போது கத்துவாள் என்று சுகுணா காத்திருந்தாள். கத்து. தலைமுடியைப் பிடி. தண்ணீரில் நின்றாயே என்று கேள், இத்தனை பேர் முன்னால் கேள், உனக்குத் தெரியும்தானே. பிரமிளா குனிந்து தாளை எடுத்துப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். "பேனா எழுதலியாக்கா?" என்று கேட்டாள். மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காதபடி. சுகுணாவின் தலை ஆடியது. ஆமாம் என்பதாகத்தான் ஆடியது. "அது அப்பிடித்தான்க்கா, சமயத்துல கழுத்தறுக்கும்" என்றாள் பிரமிளா. பேனாவைக் கேட்கவில்லை. பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டாள், ஈரம் புடவையில் படிந்தது, மதில் ஓரமாக வெளி வாசலைப் பார்த்து நடந்தாள், வேலைக்கு நேரமாகியிருக்கும். டீச்சர் பலகையில் ஒரு பெயரைத் துணியால் துடைத்தாள், முழுக்கப் போகவில்லை, நீலமாக ஒரு தடம் இருந்தது, அதன் மேலேயே மிதுனா என்று எழுதினாள். "காத்திருப்பு ஒண்ணு. அம்மா வந்திருக்காங்களா? வாங்கம்மா, வந்து கையெழுத்துப் போடுங்க." சுகுணா எழுந்தாள். மிதுனா விழிக்கவில்லை, தோளில் தலையைப் போட்டுக்கொண்டாள். பத்தடி நடந்தாள். அலுவலர் பதிவேட்டைத் திருப்பி வைத்து விரலால் இடம் காட்டினார், பேனா இருக்கா என்று கேட்டார். இருந்தது. மரத்த கையால் அதை ஊன்றினாள், எழுதாது என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தாள்.

முதல் இழுப்பிலேயே எழுதியது.